யவனர் மது: கலத்தலும் பகிர்தலும்

புறநானூற்றின் 56ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போது ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழும். பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடும் நக்கீரர், யவனர் கலங்களில் கொண்டுவந்த மணமிக்க தேறலை வளையணிந்த மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, நாளும் பருகி இனிது வாழ்க என்று அவனை வாழ்த்துகிறார். அப்போது கடைசி வரிசையிலிருந்து யாரேனும் ஒரு மாணவர், “ஐயா, அந்தத் தேறல் எப்படி இருந்திருக்கும்?” என்று கேட்பார். வகுப்பு சிரிக்கும். நாமும் சிரித்துவிட்டுத் துறை விளக்கத்துக்குப் போய்விடுவோம். பல ஆண்டுகள் இப்படித்தான் கழிந்தன. சிரிப்பில் கரைத்துவிட்ட அக்கேள்வி, உண்மையில் மிகவும் நேர்மையான வரலாற்றுக் கேள்வி என்பது நமக்குத் தாமதமாகவே உறைத்தது. அதைப் பின்தொடர்ந்து போனபோது கிடைத்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

சங்க இலக்கியத்தில் யவனர் என்ற சொல் கிரேக்கரையும் ரோமானியரையும் சேர்த்தே குறித்தது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடற்பகுதியின் மதுச்சாடிச் சில்லுகள் வெளிப்பட்டன. அவற்றுள் கிரேக்கத் தீவான கோஸின் சாடி வகையைச் சேர்ந்தவையும் உண்டு. இரட்டைத் தண்டாக அமைந்த கைப்பிடியே அவற்றின் அடையாளம். கோஸ் தீவின் மதுவுக்கு ஒரு தனித்தன்மை இருந்தது. அதில் கடல்நீர் சேர்ப்பார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியரான கேட்டோ, வேளாண்மை குறித்த தம் நூலில் அதன் செய்முறையையே எழுதி வைத்திருக்கிறார். ஆக, தமிழகக் கரைக்கு வந்திறங்கிய யவனர் மதுவில் ஒரு பகுதி, சாடியில் அடைக்கப்படும்போதே கலவையாக இருந்தது.

இந்தக் ‘கலத்தல்’ என்ற செயலைப் பிடித்துக்கொண்டு போனால் கிரேக்கரின் குடிவழக்கம் முழுவதும் ஒரு கோட்டில் வந்து நிற்கிறது. பண்டைக் கிரேக்கர் மதுவைத் தனியாகக் குடிப்பதில்லை. நீர் கலந்தே குடித்தனர். மதுவுக்கு இரண்டு பங்கோ மூன்று பங்கோ நீர் என்பதுபோல் நீரே மிகுந்திருக்கும். அதற்கென்றே அகன்ற வாயுடைய ஒரு கலம் இருந்தது. அதன் பெயர் ‘கிராத்தேர்’. கலக்கும் பாத்திரம் என்பது பொருள். கலக்காத மது ‘அக்ராத்தோஸ்’. அதைக் குடிப்பது நாகரிகம் அறியாதாரின் செயலாகக் கருதப்பட்டது. ஸ்பார்த்தாவின் மன்னன் கிளியோமெனிஸ் பித்துப்பிடித்து இறந்ததற்கு, சித்தியரோடு பழகிக் கலக்காத மதுவைக் குடித்ததே காரணம் என்று அவன் நாட்டார் நம்பியதை ஹெரடோட்டஸ் பதிவு செய்கிறார். ஹோமரின் ஒடிசியிலும் இதே கருத்தைக் காணலாம். மாரோன் என்ற பூசாரி தந்த மது, ஒரு கிண்ணத்துக்கு இருபது அளவு நீர் சேர்க்கவேண்டிய அளவுக்குக் கடுமையானது. ஒற்றைக்கண் அரக்கன் பாலிபீமஸ் அதை அப்படியே குடித்துச் சாய்கிறான், கண்ணையும் இழக்கிறான். நீர் சேர்க்கத் தெரியாதவன், விருந்தினரை உண்பவன், தனியே குடிப்பவன் என்ற மூன்று குறைகளும் அவனிடம் ஒன்றாகவே இருக்கின்றன.

‘சிம்போசியம்’ என்ற சொல்லை இன்று நாம் கருத்தரங்குக்குப் பயன்படுத்துகிறோம். அதன் மூலப்பொருள் ‘கூடிக் குடித்தல்’ என்பதே. உணவு முடிந்தபின் ஆடவர் சாய்வு இருக்கைகளில் அமர்வர். அவையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படுபவர் அன்றைய மதுவுக்கு எவ்வளவு நீர், எத்தனை கலம் என்பதை முடிவு செய்வார். அளவைத் தனிமனிதன் தீர்மானிப்பதில்லை, அவை தீர்மானிக்கும் என்பதே இதன் உட்பொருள். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நகைச்சுவை நாடகாசிரியர் யூபுலஸ், அறிவுடையோர்க்கு மூன்று கலங்களே போதும், அதற்கு மேற்பட்டவை வம்புக்கும் அடிதடிக்கும் உரியவை என்ற கருத்தை மதுவின் கடவுளான டயோனிசஸின் வாயிலாகவே சொல்லவைத்தார். இந்த ஒழுங்கைப் புகழும்போது மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த அவையில் குடிமக்களின் மனைவியர்க்கு இடமில்லை. மதுவைக் கலந்து ஊற்றியவர்கள் அடிமைகள். நக்கீரர் பாட்டிலும் கிண்ணம் ஏந்துவோர் ஒருவர், பருகுவோர் வேறொருவர் என்பதை நாம் இங்கே நினைத்துக்கொள்கிறோம்.

அந்த அவை மறைந்துவிட்டது. கிராத்தேர் கலங்கள் அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. ஆயினும் மொழி அவற்றை மறக்கவில்லை. பண்டைக் கிரேக்கத்தில் மதுவின் பெயர் ‘ஓய்னோஸ்’. இன்று ஒரு கிரேக்கர் அன்றாடப் பேச்சில் மதுவைக் ‘கிராசி’ என்கிறார். கலத்தல் எனப் பொருள்படும் ‘கிராசிஸ்’ என்ற பழஞ்சொல்லிலிருந்து வந்தது அது. இன்று யாரும் தம் கிண்ணத்து மதுவுக்கு நீர் சேர்ப்பதில்லை. இருந்தும் அதைக் ‘கலவை’ என்றே அழைக்கிறார்கள். இன்னொரு சொல் இதைவிட நுட்பமானது. பண்டைக் காலத்தில் ‘கலந்து தருதல்’ என்ற பொருளில் வழங்கிய வினை, இன்று ‘கெர்னோ’ என்ற வடிவில் ‘நான் வாங்கித் தருகிறேன், நீங்கள் என் விருந்தினர்’ என்னும் பொருளில் வழங்குகிறது. கலப்பவனே கொடுப்பவன், ஆகவே கலத்தல் கொடுத்தலாயிற்று. சொல்லின் பொருள் நகர்ந்த இந்த வழியில்தான் ஒரு சமூகத்தின் நெடிய வரலாறு இருக்கிறது என்று நமக்குப் படுகிறது.

மதுவில் பிறபொருள் சேர்ந்த மற்றொரு கதை ‘ரெத்சீனா’. சுட்ட மண்சாடிகளில் நுண்துளைகள் உண்டு. காற்று புகுந்தால் மது புளிக்கும். அதைத் தடுக்கப் பைன் மரப்பிசினால் சாடிகளைப் பூசினர். பிசினின் மணம் மதுவில் இறங்கிற்று. பின்னர் மரப்பீப்பாய்கள் வந்தபோது பிசினின் தேவை போயிற்று. சுவை மட்டும் நின்றது. 968இல் ஜெர்மானியப் பேரரசர் ஓட்டோவின் தூதராகக் கான்ஸ்டாண்டிநோப்பிள் சென்ற கிரெமோனா ஆயர் லியூத்பிராண்ட், கிரேக்கர் மதுவில் பிசினும் கீலும் கலந்திருப்பதால் வாயில் வைக்க முடியவில்லை என்று கசப்போடு எழுதினார். அத்திக்காப் பகுதி மக்கள் அதற்காக வழக்கத்தைக் கைவிட்டுவிடவில்லை. இன்று நொதிக்கும் சாற்றிலேயே சிறிது பிசினை இட்டு, பின்னர் வடிகட்டி எடுக்கிறார்கள். தேவையில் பிறந்த ஒன்று, தேவை தீர்ந்த பின்னும் சுவையாக வாழ்வதற்கு இது நல்ல சான்று.

வாலையில் வடித்தெடுக்கும் மதுவகைகள் பிற்காலத்தவை. ‘ராக்கி’ என்ற பெயர், வியர்வை எனப் பொருள்படும் ‘அரக்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. வாலையில் ஆவி குளிர்ந்து துளித்துளியாக இறங்குவதைக் குறித்த உவமை. இலங்கையின் தென்னஞ்சாராயத்துக்கு வழங்கும் ‘அராக்’ என்ற பெயரும் அதே வேரினது. கிரேக்கப் பெருநிலத்தில் இது ‘சிப்புரோ’. கிரீட் தீவில் ‘சிக்குதியா’ அல்லது ராக்கி. இரண்டும் திராட்சையைப் பிழிந்து மது எடுத்தபின் எஞ்சும் தோலும் விதையும் கலந்த சக்கையிலிருந்து பிறப்பவை. எதையும் வீணாக்க இயலாத ஏழை உழவரின் கண்டுபிடிப்பு என்று இதைச் சொல்லலாம்.

செப்டம்பரில் அறுவடை முடிந்து, சக்கை சில வாரங்கள் நொதித்தபின், அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஊர்களில் வாலை ஏற்றுவார்கள். அந்தச் செப்புக் கொப்பரைக்குக் ‘கஸானி’ என்று பெயர். அதைச் சூழ்ந்து நடக்கும் விருந்துக்கும் அதுவே பெயர். கிரீட்டில் கொப்பரையின் அடியில் எரியும் கனலின் சாம்பலில் உருளைக்கிழங்கு புதைத்துச் சுடுவர். பன்றி இறைச்சி வாட்டுவர். மாதுளை பிளந்து வைப்பர். லிரா என்னும் வில்யாழ் இசைக்க, அவ்விடத்திலேயே கட்டிய ஈரடிப் பாடல்களை ஒருவர் பாட மற்றவர் எதிர்பாடுவர். முதலில் இறங்கும் மிகக் கடுமையான வடிவத்தைத் தனியே எடுத்து வைத்து, உடல்வலிக்குத் தேய்க்கவும் பயன்படுத்துவர். நவம்பர் 3ஆம் நாள் கிரீட்டில் ‘குடிகாரப் புனித ஜார்ஜ்’ திருநாள். புனிதரைப் பற்றிய குறை அன்று; புதுமதுப் பீப்பாயைத் திறக்கும் நாள் என்பதால் வந்த பட்டப்பெயர். கொப்பரை ஒருவருடையது, சக்கை இன்னொருவருடையது, விறகும் உழைப்பும் எல்லோருடையதும். வழிப்போக்கருக்கும் ஒரு கிண்ணம் உண்டு. பழைய அவையிலிருந்து இது வேறுபடும் இடமும் இதுவே: இங்கே மகளிரும் சிறுவரும் முதியோரும் சேர்ந்திருக்கிறார்கள், ஊற்றித் தருபவர் அடிமை அல்லர்.

இந்த விருந்துக்கு ஒரு சட்டக் கதையும் உண்டு. 1917இல் கிரேக்க அரசு, திராட்சை பயிரிடுவோர் தம் சக்கையைக் குறுகிய கால அனுமதியுடன் தாமே வடித்துக்கொள்ள வழிசெய்தது. அவர்களுக்கு ‘இருநாளர்’ என்றே பெயர் வந்தது. வரியும் மிகக் குறைவு. சிப்புரோவைப் புட்டியில் அடைத்து வணிகமாக விற்கும் அனுமதி 1980களின் இறுதியில்தான் வந்தது. பின்னர், சிப்புரோவுக்கும் சிக்குதியாவுக்கும் மட்டும் வரிச்சலுகை தருவது ஒன்றியத்தின் விதிகளுக்கு முரணானது என்று 2019 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தின் தருக்கத்தைக் குறை சொல்ல இயலாது. எரிமது எங்கும் எரிமதுவே. உழவரின் உரிமையைக் கேடயமாகப் பிடித்துக் கணக்கில்லாமல் விற்றோரும் இருந்தனர். ஆனால் வரி ஏட்டில் லிட்டராக மட்டும் தெரிவது, ஊரில் ஓர் இரவாக இருக்கிறது. அந்த இரவை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எந்த ஏட்டுக்கும் தெரிவதில்லை.

வெளிநாட்டவர் நன்கறிந்த கிரேக்க மது ‘ஊஸோ’. அனிஸ் என்னும் சோம்பை ஒத்த விதையின் மணம் ஏற்றியது. பெயர்க்காரணம் பற்றிச் சுவையான கதை ஒன்று உண்டு. தெசலிப் பகுதியின் திர்னாவோஸ் ஊரிலிருந்து மார்செய் நகருக்கு ஏற்றுமதியான உயர்தரப் பட்டுக்கூட்டுப் பெட்டிகளில் ‘மார்செய் பயன்பாட்டுக்கு’ என்று இத்தாலிய மொழியில் முத்திரை இருக்குமாம். ‘பயன்பாடு’ என்பதற்குரிய ‘உஸோ’ என்ற அச்சொல் உயர்தரத்துக்கே பெயராகி மதுவுக்கும் வந்தது என்பர். திராட்சையைக் குறிக்கும் துருக்கிச் சொல்லே மூலம் என்பாரும் உண்டு. லெஸ்போஸ் தீவின் புலோமாரி ஊர் இதற்குப் புகழ்பெற்றது. கிரேக்கத்திலும் சைப்பிரஸிலும் வடிப்பது மட்டுமே ஊஸோ என்று 2008ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதிமுறை வரையறுத்தது. தெளிந்திருக்கும் ஊஸோவில் நீர் விட்டால் பால்போல் வெளுக்கும். அனிஸ் எண்ணெய் சாராயத்தில் கரையும், நீரில் கரையாது. நீர் சேர்ந்ததும் அது நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கிறது. கலக்கும் கலம் மறைந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின், நீர் கலக்கும் பழக்கம் மீண்டும் மேசைக்கு வந்துவிட்டதைப் பாருங்கள்.

மெஸே என்னும் சிற்றுணவு இல்லாமல் இவற்றைக் குடிப்பதில்லை. வெறும் வயிற்றில் குடிப்பதற்குக் ‘க்செரோஸ்ஃபீரி’ என்று ஒரு தனிச்சொல்லே உண்டு; அது பாராட்டுச் சொல் அன்று. வோலோஸ் துறைமுகத்தின் சிப்புரோக் கடைகளில் இவ்வழக்கம் முழுமை பெற்றது. 1922ஆம் ஆண்டின் பேரழிவையும், அடுத்த ஆண்டு லோசானில் முடிவான மக்கள் பரிமாற்றத்தையும் அடுத்துச் சின்ன ஆசியாவிலிருந்து சுமார் 12 லட்சம் பேர் கிரேக்கத்துக்கு அகதிகளாக வந்தனர். சுமார் 4 லட்சம் முஸ்லிம்கள் எதிர்த்திசையில் சென்றனர். வோலோஸில் குடியேறியோர் துறைமுகத்தில் உழைத்தனர். தம் ஊர்ச் சமையலையும் கொண்டுவந்தனர். அங்கே ஒரு சிறு புட்டி சிப்புரோ கேட்டால் அதனுடன் ஒரு தட்டுச் சிற்றுணவு வரும். அடுத்த புட்டிக்கு வேறு ஒரு தட்டு. எது வரும் என்பதைக் கடைக்காரரே தீர்மானிப்பார். அளவை முடிவுசெய்த அந்தப் பழைய அவைத்தலைவரின் நிழல் அவரிடம் தெரிகிறதல்லவா? வீடும் கல்லறையும் விட்டு வந்தோர்க்கு, இழந்த ஊரை ஒவ்வொரு தட்டாக மேசைக்கு வரவழைக்கும் வழியாகவும் அது இருந்திருக்கும்.

வேறு வகைகளும் உண்டு. நக்சோஸ் தீவில் கடாரநாரத்தை இலையிலிருந்து வடிக்கும் கீத்ரோன். பத்ராஸில் இலவங்கமும் பட்டையும் சேர்ந்த தெந்தூரா. கியோஸ் தீவின் மஸ்தகிப் பிசின் சேர்ந்த இனிய மது. அப்பிசின் நம் நாட்டு யுனானி மருந்துக்கடைகளில் ‘ரூமி மஸ்தகி’ என்ற பெயரில் கிடைக்கிறது. யுனானி, யவனர் இரண்டுமே ‘அயோனியா’ என்ற ஒரே நிலத்தின் பெயரிலிருந்து பிறந்த சொற்கள்.

கிண்ணம் உயர்த்தும்போது கிரேக்கர் ‘யா மாஸ்’ என்பர். ‘நம் நலத்துக்கு’ என்பது பொருள். சாவு வீட்டிலும் அடக்கம் முடிந்து திரும்பியோர்க்குக் காப்பியும் ஒரு கிண்ணம் பிராந்தியும் தருவர். அங்கே கிண்ணங்களை மோதுவதில்லை, இறந்தவர் நினைவைச் சொல்லி அமைதியாகப் பருகுவர்.

மதுவைப் போற்றுவது நம் நோக்கமன்று. அது அழித்த குடும்பங்களை எல்லோரும் அறிவோம். ஆனால் ஒரு பொருளை நஞ்சாகவோ விருந்தாகவோ ஆக்குவதில், அதைச் சூழ்ந்திருக்கும் வழக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. கிரேக்கர் அதை நீரால், உணவால், பாட்டால், பிறர் கண்முன் இருத்தலால் கட்டிவைக்க முயன்றனர். கட்டு எப்போதும் நின்றது என்று சொல்லமாட்டோம். மன்னன் கிளியோமெனிஸின் கதையே அதற்குச் சான்று.

அடுத்த ஆண்டும் அந்தப் பாடல் வரும். அந்தக் கேள்வியும் வரும். இம்முறை சிரித்துக் கடந்து போகமாட்டோம். “உட்காருங்கள் தம்பி, இது ஒரு மணி நேரத்தில் சொல்லி முடிகிற விடை அல்ல” என்று தொடங்குவதாக இருக்கிறோம்.