கிகி நீட்டிய கால்

எங்கள் வீட்டுப் பூனை ரெண்டு நாளாக நொண்டிக்கொண்டிருந்தது. கத்தவில்லை. வழக்கம்போல சாப்பிட்டது, ஜன்னல் திட்டில் ஏறிப் படுத்தது. ‘எங்கயோ சண்டை போட்டிருக்கும், நக்கி நக்கித் தானே சரிபண்ணிக்கும்’ என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மடியில் போட்டுக் காலைப் பிடித்துப் பார்த்தால், முன்னங்காலின் உள்பக்கத்து நகம் வட்டமாக வளைந்து வளர்ந்து, பாதத்துச் சதையிலேயே குத்தி இறங்கியிருந்தது. கால்நடை மருத்துவர் நகத்தை வெட்டிப் புண்ணைக் கழுவினார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: “கடைசியா எப்ப இது காலைத் தூக்கிப் பாத்தீங்க?”

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்ததும் வேறொரு கேள்வி கிளம்பியது. புதுச்சேரியின் பழைய ஏடுகளில் இத்தனை நாள் எதையெதையோ தேடியிருக்கிறேன். இந்த ஊரில் ஒரு வீட்டுப் பூனையின் காலை யாராவது பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்களா?

பெரிய வரலாறு நமக்குத் தெரிந்ததுதான். 1736இல் தொடங்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு கப்பல், சரக்கு, கவர்னர், யுத்தம் என்று போகும். 1908 முதல் 1918 வரை இங்கே வாழ்ந்த பாரதியாரின் ‘முரசு’ பாட்டில் ஒரு வெள்ளைப் பூனை வருகிறது. ஆனால் அது மனிதர்களின் நிறபேதத்தைக் கேலி செய்ய வந்த பூனை. அதற்குப் பெயரும் இல்லை, நோவும் இல்லை.

பெயரும் நோவும் உள்ள பூனை 1920களில் வருகிறது. அதன் பெயர் கிகி.

1910 ஏப்ரலில் பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு வந்து தங்கிவிட்டவர் அரவிந்தர். பாரிஸில் பிறந்த மிரா அல்ஃபாசா முதலில் 1914இல் வந்தார், இடையில் போய், 1920 ஏப்ரலில் திரும்பி வந்து இங்கேயே இருந்துவிட்டார். பின்னாளில் ஆசிரமத்தார் ‘அன்னை’ என்று அழைத்தது இவரைத்தான். அந்த வீட்டில் அப்போது பூனைகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. 1950களில் ஆசிரம விளையாட்டுத் திடலில் மாணவர்களிடம் பிரெஞ்சில் பேசும்போது, கிகியைப் பற்றி அவரே ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார்.

கிகி அந்த வீட்டிலேயே பிறந்தது. எது அசைந்தாலும் அதோடு விளையாடப் போகும். ஒருநாள் வீட்டுக்குள் வந்த பெரிய தேளோடு விளையாடப் போய்க் கொட்டு வாங்கியது. நேராக அன்னையிடம் வந்து, வீங்கிப்போன காலைக் காட்டியது. அவர் அதைத் தூக்கி மேஜைமேல் வைத்து அரவிந்தரைக் கூப்பிட்டார். பூனை கழுத்தை நீட்டி அவரைப் பார்த்தது, அதன் கண் ஏற்கெனவே மங்கியிருந்தது. அவரும் எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிய பூனை, கடைசியில் குதித்து இறங்கிப் போய்விட்டது. இவ்வளவுதான் சம்பவம்.

பக்தர்கள் இதில் யோகசக்தியைப் பார்ப்பார்கள். அந்த விவாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. என்னை நிறுத்தியது வேறு இடம்: பூனை காலைக் காட்டியது என்கிறாரே, அந்த இடம்.

பூனை சாதாரணமாக வலியைக் காட்டாது. காட்டில் தனியாக வேட்டையாடிய இனம். அடிபட்டது தெரிந்தால் பெரிய மிருகத்துக்கு இரையாகிவிடும். அதனால் வலித்தால் ஒளிந்துகொள்ளும், ஒடுங்கிப் படுக்கும், குதிப்பதைக் குறைத்துக்கொள்ளும். கிகியைப் பற்றிச் சொன்னவரே அதை அபூர்வமான பூனை என்றுதான் சொன்னார். எங்கள் பூனை அபூர்வமானது இல்லை. உங்கள் பூனையும் அநேகமாக இல்லை.

தேள் காலில் கொட்டியதும் தற்செயல் இல்லை. நாய் மூக்கை நீட்டிப் பார்க்கும், பூனை காலை நீட்டித் தட்டிப் பார்க்கும். அதற்குக் கால்தான் கை. முன்கால் ஒவ்வொன்றிலும் 5 நகம், பின்கால் ஒவ்வொன்றிலும் 4, ஆக 18. பூனை விரல் நுனியில் நடக்கிற பிராணி. நடக்கும்போது நகம் உள்ளே இழுபட்டிருப்பதால் நாய்க்குப் போலத் தரையில் தேயாது. மரத்தையோ பாயையோ பிறாண்டும்போதுதான் மேல்தோடு கழன்று, உள்ளிருக்கும் கூரான நகம் வெளியே வரும். நம்ம சோபாவைக் கிழிப்பது சேட்டை இல்லை, அதன் நகப் பராமரிப்பு.

புதுச்சேரியின் பழைய வீடுகளில் முற்றம் இருந்தது, வேப்பமரமோ மாமரமோ இருந்தது. நகத்தைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இன்றைய ஃபிளாட்டில் டைல்ஸ் தரையும் கண்ணாடிக் கதவும்தான். அதிலும் தரையையே தொடாத அந்த உள்பக்கத்து நகம், வயதான பூனைக்கு, வளைந்து சதைக்குள் போய்விடும். இதற்குத் தேவை சணல் கயிறு சுற்றிய ஒரு கட்டை, ஒரு சின்ன நகவெட்டி. விரலை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தம் ஓடும் பகுதி, அதைத் தொடாமல் கூர் நுனியை மட்டும் வெட்ட வேண்டும்.

ரெண்டு ஆபத்துகள் இன்று நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கின்றன. ஒன்று, தரை துடைக்கிற ஃபினாயில். ஈரத்தரையில் நடந்த பூனை அடுத்த நிமிஷம் காலை நக்கும். ஃபீனால் வகை மருந்தை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. புண்ணுக்கு டெட்டால் போடுவதும் இதே தப்புதான். இன்னொன்று, ‘பாவம் வலிக்குமே’ என்று கொடுக்கிற பாராசிட்டமால். நமக்குச் சாதாரண மாத்திரை, பூனைக்கு ஒன்றே உயிரைக் கொல்லும். அந்த விஷம் ஏறினதற்கு ஓர் அடையாளம் என்ன தெரியுமா? முகமும் கால்களும் வீங்குவது. காலில் வீக்கம் என்று மாத்திரை கொடுத்து, கடைசியில் அந்த மாத்திரையாலேயே கால் வீங்கினால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

பிரெஞ்சுக்காரர் ஊர் என்பதால் அந்தப் பக்கத்துச் சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்தேன். சில நாடுகளில் சோபாவைக் காப்பாற்றப் பூனையின் நகத்தையே எடுத்துவிடும் அறுவை உண்டு. நகம் மட்டும் போவதில்லை, விரலின் கடைசி எலும்பும் சேர்ந்து போகும். 1987 நவம்பரில் ஸ்ட்ராஸ்பூரில் உருவான ஐரோப்பிய வளர்ப்புப் பிராணிகள் ஒப்பந்தம் இதைத் தடுக்கிறது, பிரான்ஸும் பின்னர் அதை ஏற்றது. நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும் பிராணியின் உறுப்பைச் சிதைப்பதைக் குற்றம் என்கிறது.

ஆனால் எங்கள் பூனையின் காலைச் சட்டம் ஒன்றும் கெடுக்கவில்லை. நான் பார்க்காமல் விட்டதுதான் கெடுத்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் ஒரு பூனை காலை நீட்டியது, ரெண்டு பேர் வேலையை விட்டுவிட்டு அதன் எதிரே உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தச் சம்பவத்தில் நம்மாலும் செய்யக்கூடிய பகுதி அதுதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் பூனையை மடியில் போட்டு நாலு காலையும் பார்க்கிறேன். அதற்குப் பிடிக்கவே இல்லை. பரவாயில்லை, தானாக வந்து காட்டாது என்பது இப்போது எனக்குத் தெரியும்.