வயர்லெஸ் யார் கணக்கில்? இடுக்கி, பாலக்காடு எல்லைமலைகளில் அவசரத் தொடர்பின் வரலாறு

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியது. மாண்டோர் 70 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர்; பலருடைய வேர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரத்தில் இருந்தது. மழையால் மின்சாரம் நின்றிருந்தது. கைப்பேசித் தொடர்பும் அற்றிருந்தது. செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில்தான். பெரியவாரைத் தற்காலிகப் பாலமும் சேதமுற்றிருந்ததால் மீட்புப் பணி மேலும் தாமதித்தது. இச்சரிவின் நிலவியல் காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. லயங்களின் நிலையும் விவாதிக்கப்பட்டுள்ளது. ஆனால் அந்த ஓர் இரவின் மௌனத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அது பெரும்பாலும் நிதியின் வரலாறு.

1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடம் கண்ணன் தேவன் மலைகளுக்கான உரிமையைப் பெற்றார். 1897இல் தேயிலைக் கம்பெனி உருவாயிற்று. 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டியும், 1908இல் குறும்பாதை ரயிலும் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை வந்தன. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் குரங்கணிப் பக்கம் இறங்கிப் போடிநாயக்கனூரை அடைந்தன. 1924 பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அழித்தது. அது மீண்டும் அமைக்கப்படவே இல்லை. மலையைச் சமவெளியோடு இணைத்த ஏற்பாடுகள் சரக்கின் பொருட்டுப் பிறந்தன. அவற்றின் ஆயுளும் சரக்கைப் பொறுத்தே அமைந்தது. லயத்தில் வாழ்ந்தவர் தம் ஆபத்தைத் தாமே அறிவிப்பதற்கான கருவி அந்தக் கணக்குப் புத்தகத்தில் தனிச் செலவினமாக இடம்பெறக் காரணமில்லை.

அணைகளின் கதையும் இதனோடு ஒத்தது. 1886 குத்தகை உடன்படிக்கையின் வழி வந்த முல்லைப்பெரியாறு இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. அதனை இயக்குவது தமிழ்நாடு. 2021 டிசம்பரில் இரவு நேரங்களில் போதிய முன்னறிவிப்பின்றி மதகுகள் திறக்கப்பட்டதாகக் கேரளம் உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டது. நீர் புகுந்தவை வண்டிப்பெரியாற்றின் கரையோர வீடுகள். பாலக்காட்டுப் பக்கம் பரம்பிக்குளம் அணையும் அவ்வாறே: நிலம் கேரளத்தினுடையது, இயக்கம் 1970 பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாட்டினுடையது. பரம்பிக்குளம் வாழ் மக்கள் முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தவர்கள். ஆயினும் தம் மாவட்டத் தலைநகருக்குச் செல்ல அவர்களுக்கு உள்ள சாலை தமிழ்நாட்டின் சேத்துமடை வழியே செல்கிறது. 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் அந்த அணையின் மூன்று மதகுகளுள் ஒன்று பெயர்ந்து விழுந்து, வினாடிக்குச் சுமார் 20,000 கன அடி நீர் வெளியேறியது. எச்சரிக்கை ஒரு மாநிலத்துப் பொறியாளரிடம் தொடங்கி மறு மாநிலத்துச் சாலக்குடி ஆற்றங்கரை வரை செல்லவேண்டியிருந்தது.

இத்தகைய இடங்களில் உள்ளாட்சியின் பங்கு என்ன? 73ஆம் அரசமைப்புத் திருத்தம், 1994 கேரள ஊராட்சிச் சட்டம், 1996இல் தொடங்கிய மக்கள் திட்டம் ஆகியவை கேரள ஊராட்சிகளுக்கு நாட்டில் பிற இடங்களில் காணாத நிதியுரிமையை அளித்தன. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, பேரிடர்க் கருவிகளைப் பயன்பாட்டுக்கு ஆயத்தமாக வைத்திருப்பதை உள்ளாட்சி அமைப்பின் கடமைகளுள் ஒன்றாக்கியது. கடமை வந்தது, அதற்கென ஒரு நிதித் தலைப்பு வரவில்லை. 15ஆம் நிதிக்குழு 2021–26க்கு ஊரக உள்ளாட்சிகளுக்கென ரூ. 2,36,805 கோடி பரிந்துரைத்தது. அதில் 60 விழுக்காடு குடிநீருக்கும் தூய்மைப் பணிக்கும் கட்டுண்டது. எஞ்சிய 40 விழுக்காட்டுக்குச் சாலையும் தெருவிளக்கும் போட்டியிடுகின்றன. அதே குழு மாநிலப் பேரிடர் நிதிகளுக்குப் பரிந்துரைத்த ரூ. 1,60,153 கோடியில் 10 விழுக்காடு ஆயத்தப் பணிக்கும் திறன் வளர்ப்புக்கும் உரியது. தொடர்புக் கருவிகளை வாங்க இந்நிதியின் விதிகள் இடம் தருகின்றன. ஆனால் தேவையை மதிப்பிடுவது மாநில அளவிலான குழு, கிராம சபையன்று.

அலைவரிசையின் சட்டமும் இதே திசையில் செல்கிறது. 1933 இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமமின்றிக் கருவி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. காவல், வனம், தீயணைப்பு எனத் துறைதோறும் தனி வலையமைப்பு வளர்ந்தது. ஒரே மலைச்சாலையில் நிற்கும் இரு துறையினர் தத்தம் வயர்லெஸ்ஸில் தம் தலைமையகத்தோடு பேச முடியும், ஒருவரோடொருவர் பேச முடியாது என்னும் நிலை இதன் விளைவு. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் கூறியது. அக்கூற்று ஒலிபரப்பு உரிமை பற்றிய விவாதங்களில் வலுப்பெற்ற அளவுக்குப் பேரிடர்த் தொடர்பில் பொருள்கொள்ளப்படவில்லை.

இது எல்லைமலைகளுக்கே உரிய சிக்கலன்று. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தனர். வெளியேறுமாறு வந்த கட்டளை பலருடைய கருவியை எட்டவே இல்லை. அதன்பின் அமெரிக்க ஒன்றிய அரசு, அலைவரிசை ஏலத்தின் வருவாயைக் கொண்டு 2007இல் 100 கோடி டாலர் மானியம் வழங்கியது. துறைகள் ஒன்றோடொன்று பேசும் ஏற்பாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட பணம் அது. பெரும்பகுதி உள்ளாட்சி அமைப்புகளுக்குச் சென்றுசேர வேண்டும் என்பதும் நிபந்தனை. அத்திட்டத்திலும் தாமதங்கள் உண்டு. ஆயினும் காற்றின் வழி ஈட்டிய பணம் காற்றின் வழி வரும் அபயக்குரலுக்கே திரும்பவேண்டும் என்னும் அதன் கொள்கை நமக்குப் பயன்படும்.

கேரளம் வாளாவிருக்கவில்லை. 2018 வெள்ளத்தின்போது அமெச்சூர் வானொலியாளர்கள் ஊதியமின்றிச் செய்தி கடத்தினர். 2019–20இல் உள்ளாட்சிகள் தமக்கெனப் பேரிடர் மேலாண்மைத் திட்டங்களை எழுதின. 2025இல் 'கவசம்' என்னும் எச்சரிக்கை ஒலிப்பான் வலையமைப்பு தொடங்கப்பட்டது. எனினும் ஒலிப்பான் ஒருவழிக் கருவி: தலைநகரின் எச்சரிக்கையை அது மலைக்குச் சொல்லும். பெட்டிமுடியில் அன்றிரவு தேவைப்பட்டதோ மலையிலிருந்து கீழே செல்லும் குரல்.

பெட்டிமுடியைக் கடந்து செல்லும் வழியில்தான் 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடி உள்ளது. முதுவர் வாழும் குடிகள் அவை. அங்கும், வண்டிப்பெரியாற்றிலும், பரம்பிக்குளத்திலும் கேட்கப்படவேண்டிய கேள்வி ஒன்றே. மின்சாரமும் கைப்பேசியும் அற்ற இரவில் இயங்கும் ஒரு பொது வயர்லெஸ்ஸும், அதனை இயக்கப் பயின்ற இருவரும் எந்த அமைப்பின் வரவுசெலவில் வருகிறார்கள்? கருவியின் விலை பெரிதன்று. மின்கலமும் பழுதுபார்ப்பும் பயிற்சியும் ஆண்டுதோறும் வேண்டும். ஒருமுறை தரும் மானியம் அலமாரியில் துருப்பிடிக்கும். ஆண்டுதோறும் வரும் தலைப்பே உயிர்காக்கும். உள்ளாட்சி ஆய்வில் ஈடுபட்டுள்ள மாணவர்கள் இவ்வூராட்சிகளின் திட்ட ஆவணங்களை இந்த ஒரு கேள்வியோடு வாசிக்கலாம். பெருந்தோட்ட வரலாற்றுக்கும் பொது நிதி வரலாற்றுக்கும் இடையே இதுவரை எழுதப்படாத ஓர் அத்தியாயம் அங்குக் கிடைக்கும்.