அளவின் வரலாறு: தைரொயிட் நீக்கமும் ஓமோன் ஈடுசெய்தலும்

மருந்துகளின் வரலாற்றை எழுதுவோர் அவற்றைக் கண்டுபிடித்தோரின் பெயரோடும் ஆண்டோடும் பெரும்பாலும் நின்றுவிடுவர். ஆயின், ஒரு மருந்தை எவருக்கு எவ்வளவு கொடுப்பது என்னும் வினாவுக்கும் தனியான வரலாறுண்டு. அறுவைச் சிகிச்சையால் தைரொயிட் சுரப்பியை இழந்தோருக்கு வழங்கப்படும் ஓமோனைப் பொறுத்தவரை இவ்விரண்டாவது வரலாறே முதன்மையானது. அட்டாளைச்சேனை போன்ற கரையோர ஊரொன்றிலிருந்து நோக்குமிடத்து அதன் சமூகப் பொருள் மேலும் தெளிவாகின்றது.

சுவிற்சர்லாந்தின் மலைப்பகுதிகளில் அயடீன் குறைவால் கழுத்துக் கழலை பெருவழக்காயிருந்தது. பேர்ண் நகர அறுவை மருத்துவர் தியோடர் கொக்கர் அக்கழலையை அகற்றுவதில் ஒப்பற்ற தேர்ச்சி பெற்றிருந்தார். சுரப்பி முழுவதையும் தாம் அகற்றிய நோயாளரை அவர் மீள வரவழைத்துப் பார்த்தபோது, பரிசோதிக்கப்பட்ட 18 பேரில் 16 பேர் உடல் ஊதி, குளிர் தாங்காது, சிந்தையும் செயலும் மந்தமுற்றிருந்தனர். இதனை 1883இல் அவரே வெளிப்படுத்தினார். சுரப்பி உடலுக்கு இன்றியமையாதது என்பது இவ்வாறு நோயாளரின் துன்பத்தின் வாயிலாகவே உறுதிப்பட்டது. 1909இல் கொக்கருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இழப்பை ஈடுசெய்யும் வழி 1891இல் பிறந்தது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜோர்ஜ் மறே, சுரப்பி செயலிழந்த 46 வயதுப் பெண்ணொருவருக்கு ஆட்டின் தைரொயிட் சாற்றை ஊசிவழி செலுத்தினார். அப்பெண் 1919 வரை வாழ்ந்தார்; அவருக்கென 870க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் பயன்பட்டன. சாற்றின் வலிமையோ ஆட்டுக்கு ஆடு வேறுபட்டது. நாடியும் தோலும் உடல் எடையுமே மருத்துவருக்கு அளவுகோல்களாயிருந்தன.

1914இல் எட்வேர்ட் கென்டல் தைரொட்சினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். சில கிராம்களைப் பெறுவதற்கும் தொன்கணக்கான பன்றிச் சுரப்பிகள் தேவைப்பட்டன. 1927இல் ஹரிங்டனும் பாஜரும் அதனை ஆய்வுகூடத்திலேயே தொகுத்தனர். இன்று வழங்கப்படும் லெவோதைரொட்சின் இவ்வாறு தொகுக்கப்படுவதே. எனவே, விலங்குச் சுரப்பிகளால் முஸ்லிம் நோயாளரிடத்து எழக்கூடிய மார்க்க ஐயத்துக்கு இவ்வோமோனின் தோற்றத்தில் இடமில்லை.

மருந்து தூய்மையடைந்த பின்னரும் அளவு தூய்மையடையவில்லை. 1960கள் வரை நாளொன்றுக்கு 200 முதல் 400 மைக்கிரோகிராம் வரை கொடுப்பது வழக்கமாயிருந்தது. தைரொயிட்டைத் தூண்டும் கபச்சுரப்பி ஓமோனைக் குருதியில் அளக்கும் முறை வந்த பின்னரே அது பலருக்கு மிகை என்பது புலனாயிற்று. தைரொட்சின் குறைந்தால் இத்தூண்டும் ஓமோன் உயரும், மிகுந்தால் தாழும். மிகை அளவு இதயத் துடிப்பைக் குலைக்கும், எலும்பை நலிவிக்கும்.

சுரப்பி முழுவதையும் இழந்த வளர்ந்தோருக்கு உடல் எடையில் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 1.6 மைக்கிரோகிராம் என்பது இன்றைய தொடக்கக் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 100 மைக்கிரோகிராமை அண்மிக்கும். முதியோருக்கும் இதயநோயாளருக்கும் குறைவாகத் தொடங்குவர். கருவுற்றோருக்குத் தேவை கூடும். புற்றுநோய்க்காகச் சுரப்பி நீக்கப்பட்டோருட் சிலருக்குத் தூண்டும் ஓமோனைத் தாழ்த்தியே வைப்பர். தைரொட்சினின் பாதி உடலிலிருந்து நீங்க ஏறக்குறைய ஏழு நாள் செல்லும். ஆதலால் அளவை மாற்றியபின் ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்தே மீளச் சோதிப்பர்.

இலங்கையில் மருந்தைப் பொதுமக்களின் உரிமையாக நோக்கியவருள் முன்னோடி பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவர் தலைமையில் உருவாகி, வணிகப் பெயர்களை விலக்கிப் பொதுப்பெயரில் மலிவாக மருந்து பெறும் நெறியை வகுத்தது. அவர் 1977இல் மறைந்தார். அந்நெறியின் தருக்கத்தைத் தைரொட்சினுக்குப் பொருத்தும்போது ஒரு மேலதிகக் கோரிக்கை எழுகின்றது: மாத்திரை மட்டும் போதாது, அளவிடும் சோதனையும் வேண்டும். அட்டாளைச்சேனையின் மீனவருக்கோ வயற்கூலியாளருக்கோ சோதனைக்குச் செல்வதென்பது ஒருநாள் உழைப்பை இழப்பதாகும்.

அன்றாட வாழ்வும் அளவைத் தீர்மானிக்கின்றது. வெறுவயிற்றில் நீருடன் விழுங்கவேண்டிய இம்மாத்திரையைக் காலைத் தேநீருடனோ உணவுடனோ சேர்த்து உட்கொண்டால் உறிஞ்சப்படுவது குறையும். அறுவைக்குப் பின் பலருக்குக் கொடுக்கப்படும் கல்சியமும் இரும்புச்சத்தும் அவ்வாறே தடுக்கும். இடையில் நான்கு மணி நேரமேனும் வேண்டும். நோன்பு மாதத்தில் மாத்திரையை நிறுத்தவேண்டியதில்லை. இரவுணவின் பின் மூன்று மணி நேரங் கழித்தோ, சஹருக்கு அரைமணி நேரமேனும் முன்னரோ எடுக்கும் ஒழுங்கை மருத்துவருடன் முன்கூட்டியே வகுத்துக்கொள்ளலாம். கடல் மீனும் அயடீன் உப்பும் சுரப்பி உள்ளவர்க்கே உதவும். அஃதில்லாதவருக்கு மாத்திரையின் இடத்தை அவை நிரப்பா.

கொக்கர் தம் நோயாளரை மீள அழைத்தமையாலேயே உண்மை வெளிப்பட்டது. அவ்வாறு மீள அழைத்து, அளந்து, திருத்துவதே இச்சிகிச்சையின் சாரம். அதனை வசதி படைத்தோருக்கு மட்டும் உரியதாக விடுவது, மருந்தைக் கொடுத்துப் பயனை மறுப்பதற்கு ஒப்பாகும். ஊரகச் சுகாதாரம் பற்றிப் பேசுவோர் மாத்திரைகளின் எண்ணிக்கையோடு சோதனைகளின் எண்ணிக்கையையும் கேட்டல் வேண்டும்.