கிட்னி பேஷன்ட்டுகளே... காய் வேகவைத்த தண்ணீரை கொட்டிடுங்க!

சீசன் வந்தால் ஜவ்வாது மலையில் இருந்து சந்தவாசல் பக்கம் பலாப்பழம் இறங்கும். வாசனைக்கே வாய் ஊறும். ஆனா ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிப்போன கிட்னி நோயாளிகள் அதைத் தள்ளித்தான் வைக்கணும்.

கெட்டுப்போன கிட்னி பொட்டாசியத்தை வெளியேற்றாது. ரத்தத்தில் அது சாதாரணமாக 3.5 முதல் 5 வரை இருக்கும். 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். முன்கூட்டியே தெரியாது என்பதுதான் பயமே!

அதுக்காக காய்கறியே வேண்டாம்னு ஒதுங்க வேண்டியதில்லை. உருளை, கேரட் போன்றவற்றைத் தோல் சீவி பொடியாக நறுக்குங்க. வெதுவெதுப்பான தண்ணீரில் 2 மணி நேரம் ஊறப் போட்டு கொட்டிடுங்க. பிறகு நிறைய தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துக் கொட்டணும். "சத்து வீணாப் போகுதே" என்று பாட்டிமார் திட்டுவார்கள். அந்தத் தண்ணீரில் குழம்பு, சூப் வைத்தால் போன பொட்டாசியம் திரும்ப வயிற்றுக்குத்தான் வரும். ஆவியில் வேகவைத்தால் இப்படிக் குறையாது.

சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், கோஸ் தேவலாம். கீரை, தக்காளி, முருங்கைக்கீரை, இளநீரில் கவனம் தேவை. 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கவே வாங்காதீங்க. அதில் கலப்பது பொட்டாசியம்தான்!

எல்லா கிட்னி நோயாளிக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர்தான் அளவு சொல்லணும்.

நட்சத்திரப் பழம் மட்டும் யாருக்கும் விதிவிலக்கு இல்லை. கிட்னி கெட்டவர்களுக்கு அதன் நஞ்சு மூளையைத் தாக்கும். முதலில் நிற்காத விக்கல், அப்புறம் வலிப்பு. விக்கல் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.