புட்னியில் எழுந்த கேள்வி

மக்களின் சம்மதத்தில்தான் அரசு பிறக்கிறது என்னும் சமூக ஒப்பந்தக் கருத்து என்றாலே பாடநூல்கள் ஹாப்ஸில் தொடங்கி, லாக்கைத் தொட்டு, ரூசோவில் முடித்துவிடும். நான் வகுப்பில் 1647 அக்டோபரில், லண்டனை ஒட்டிய புட்னியில் தொடங்குவேன்.

மன்னர் சார்லஸைத் தோற்கடித்த நாடாளுமன்றப் படை அங்கே முகாமிட்டிருந்தது. மன்னர் ஹாம்டன் கோர்ட் அரண்மனையில் கைதி. சம்பளப் பாக்கியைத் தீர்க்காமலே படையைக் கலைத்துவிட நாடாளுமன்றம் முயன்றதில் சிப்பாய்கள் கொதித்துப்போய் இருந்தார்கள். தங்களுக்குள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, ‘மக்கள் உடன்படிக்கை’ என்ற வரைவோடு தளபதிகள் முன் வந்து நின்றார்கள். தத்துவவாதிகள் கற்பனையில் நடத்திய ஒப்பந்தத்தை இவர்கள் காகிதத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள்.

அக்டோபர் 28 அன்று புட்னி தேவாலயத்தில், தளபதிகளில் ஒருவரான க்ராம்வெல் தலைமையில் விவாதம் தொடங்கியது. மறுநாள்தான் உயிர்நாடியான கேள்வி வந்தது: இந்த ஒப்பந்தத்தில் யாருக்கெல்லாம் பங்கு? ஒருவன் பரம ஏழையானாலும், தன் சம்மதம் பெறாத அரசுக்கு அவன் கட்டுப்பட்டவன் இல்லை என்றார் கர்னல் ரெயின்ஸ்பரோ. க்ராம்வெல்லின் மருமகன் அயர்ட்டன் மறுத்தார். ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் சொந்த நிலம் போல, நாட்டில் நிலையான உடைமை உள்ளவனுக்கே வாக்கு. இல்லாதவர்கள் கையில் வாக்கைக் கொடுத்தால் சொத்துரிமையே போய்விடும் என்பது அவர் அச்சம். அப்படியானால் நாங்கள் உயிரைப் பணயம் வைத்துப் போரிட்டது எதற்கு என்று கேட்டார் செக்ஸ்பி என்ற சிப்பாய்ப் பிரதிநிதி. அதற்கு நேரான பதில் அங்கே யாரிடமும் இருக்கவில்லை என்பது என் எண்ணம்.

அப்போது ஹாப்ஸ் பாரிஸில், நாடுவிட்டு வந்திருந்த மன்னரின் மகனான இளவரசருக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். உள்நாட்டுப் போரை விட எந்த இறையாண்மையும் மேல் என்று அவர் வாதிட்ட ‘லெவியதன்’ 1651இல் வந்தது. லாக்குக்கு வயது 15. ஒப்பந்தத்தை மீறும் அரசை மக்கள் நீக்கலாம் என்று பிற்காலத்தில் எழுதிய அவரே, ஒரு நாட்டின் நெடுஞ்சாலையில் நடந்தாலே மௌன சம்மதம் தந்ததாகிவிடும் என்றும் எழுதினார். ரெயின்ஸ்பரோ இதை ஏற்றிருக்கமாட்டார். வாய்திறந்து சொல்லாத சம்மதம் சம்மதமே அல்ல என்பதற்காகத்தானே அவர் வாதாடினார்!

அந்த அவையிலும் ஒரு குறை உண்டு. வேலைக்காரர்களையும் பிச்சை வாங்குவோரையும் விட்டுவிடலாம் என்று சிப்பாய்கள் தரப்பே இறங்கிவந்தது. பெண்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

விவாதத்தைச் சுருக்கெழுத்தில் குறித்துவைத்தவர் வில்லியம் கிளார்க். அந்தக் குறிப்புகள் 1891 வரை அச்சேறவில்லை. ரெயின்ஸ்பரோ 1648இலேயே கொல்லப்பட்டார். இங்கிலாந்தில் வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்கு வந்தது 1918இல். பெண்களுக்கு அதே அளவில், 1928இல்.