வெப்ப அலையும் மாபெரும் பரங்கியும்

பரங்கி, மஞ்சள் பூசணி, அரசாணி என்று ஊருக்கு ஒரு பெயரால் தமிழகத்தில் வழங்கும் காய்க்கு நெருங்கிய உறவாயினும், வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எடைப்போட்டிக்கென்றே வளர்க்கப்படும் மாபெரும் பரங்கி வேறோர் இனத்தைச் சேர்ந்தது. தாவரவியலார் குக்கர்பிட்டா மாக்சிமா என்று குறிக்கும் அவ்வினம், தென் அமெரிக்காவில் இன்றைய அர்ஜென்டினாவையும் அதன் அண்டை நாடுகளையும் ஒட்டிய நிலப்பகுதியில், கைக்குள் அடங்கும் கசப்புக்காய் காய்த்த காட்டுக்கொடி ஒன்றிலிருந்து, ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிராக்கப்பட்டது. தமிழகச் சமவெளியில் பெரும்பாலும் பயிராவது மோஸ்கேட்டா என்னும் இனம். அது வெயிலைத் தாங்கும். கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட கோ 1 ரகத்தின் காய் 7 முதல் 8 கிலோ எடை கொண்டது. மாக்சிமாவோ மிதமான பகலையும் குளிர்ந்த இரவையும் நாடுவது. 2025-இல் இங்கிலாந்தில் எடைமேடை ஏறிய அவ்வினத்துக் காய் ஒன்று 1,278.8 கிலோ காட்டியது. இத்தகைய பெருக்கத்தின் கதை வழக்கமாக விதைத்தேர்வின் கதையாகவே எழுதப்படுகிறது. விதை அதன் பாதி என்றால், வெப்பத்துக்கு ஆகாத ஒரு கொடியைக் கோடையின் கொடும் நாட்களில் உயிரோடும் வளர்ச்சியோடும் வைத்திருக்க உழவர்கள் கற்றுக்கொண்ட கலை மறுபாதியாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கலை இன்னும் தோன்றியிருக்கவில்லை. பெருங்காய் தரும் விதைகள் பிரான்சின் தோட்டங்களிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தன. வேளாண் துறை தனியாக அமைக்கப்பட்ட 1862-க்கு முன்னர், காப்புரிமை அலுவலகமே வெளிநாட்டு விதைகளைத் தருவித்துக் குடிமக்களுக்கு விலையின்றி அனுப்பிவந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு ஊரில் வாழ்ந்த எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ, அவ்வாறு வந்த பிரெஞ்சு மஞ்சள் பரங்கி விதையை 1857-இல் விதைத்து, 123.5 பவுண்டு, அதாவது 56 கிலோ எடையுள்ள காய் ஒன்றை எடுத்து, மாவட்டக் கண்காட்சியில் பரிசும் பெற்றார். மண்வெட்டியும் எருவும் தவிர வேறு துணையின்றி விளைந்த காய் அது. மற்றதைப் பருவம் பார்த்துக்கொண்டது.

அடுத்த கட்டம் கனடாவைச் சார்ந்தது. ஒன்டாரியோ மாகாணத்தில் ஹூரான் ஏரிக்கரையில் அமைந்த கோடரிச் என்னும் ஊரைச் சேர்ந்த வில்லியம் வார்னாக், 1893-ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சிக்கு 365 பவுண்டுக் காயையும், 1900-இல் பாரிஸ் கண்காட்சிக்கு 400 பவுண்டுக் காயையும், 1904-இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்கு 403 பவுண்டுக் காயையும் அனுப்பினார். கடைசிக் காயின் எடை ஏறத்தாழ 183 கிலோ. அந்த அளவை 72 ஆண்டுகள் எவரும் மிஞ்சவில்லை என்பது வியப்புக்குரியது. 1976-இல்தான் பென்சில்வேனியாவைச் சேர்ந்த பாப் ஃபோர்டு 451 பவுண்டுக் காயால் அதைக் கடந்தார். வார்னாக்கின் கைத்திறனைக் குறைத்து மதிப்பிட இடமில்லை. ஆயினும், பெருநீர்ப்பரப்பின் கரையில் நண்பகல் வெப்பம் தணிந்தே இருக்கும் என்பதும், இலையுதிர்காலத்தில் ஏரிநீர் மெல்லவே குளிர்வதால் முதற் பனி பிந்தி விழும் என்பதும் அவ்வூருக்கு வாய்த்த பேறுகள் என்பதை வரலாற்றாசிரியர் சேர்த்தே எண்ண வேண்டும். கண்காட்சிக் காலத்தில் பெருங்காய் என்பது ஒரு நிலத்தின் வளத்துக்கு எழுதப்பட்ட சான்றிதழ். குடியேறிகளை அழைத்த நாடுகள் அதை அந்தப் பொருளிலேயே காட்சிக்கு வைத்தன.

விதையில் பெரும் மாற்றத்தைக் கொணர்ந்தவர் நோவா ஸ்கோஷியாவின் வின்ட்சர் ஊரைச் சேர்ந்த ஹோவர்டு டில் என்னும் உழவர். அவருடைய தந்தையாரும் அவ்வூர்க் கண்காட்சிக்குப் பரங்கி கொண்டுசென்றவர். பல்கலைக்கழகப் படிப்பு ஏதுமின்றி, மரபியலைத் தாமே பயின்று, மாமத் எனப்பட்ட பழைய பெருங்காய் ரகங்களைப் பல்லாண்டுகள் தெரிந்தெடுத்துக் கலந்து, அட்லாண்டிக் ஜயன்ட் என்னும் ரகத்தை அவர் உருவாக்கினார். 1979 முதல் 1982 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் பெற்றார். 1981-இல் அவருடைய காய் 493.5 பவுண்டு எடையை எட்டியது. விதையைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் விற்பனைக்கு விட்டதே அவருடைய பெருங்கொடை என்று சொல்லத்தகும். இன்றைய சாதனைக் காய்கள் அனைத்தும் அந்த விதையின் வழித்தோன்றல்களே. வளர்ப்போர் ஒவ்வொரு விதையையும் தாய்க்காயின் எடை, வளர்த்தவரின் குடும்பப்பெயர், விளைந்த ஆண்டு ஆகியவற்றால் குறித்து, தந்தைக்கொடியின் பெயரையும் உடன் எழுதிக் குலமரபு காப்பது, பந்தயக்குதிரை வளர்ப்போரின் ஒழுங்குக்கு ஒப்பானது. 1996-இல் நியூயார்க் மாநிலத்துத் தம்பதியரின் காய் 1,061 பவுண்டு எடை காட்டி, முதன்முறையாக ஆயிரம் பவுண்டைத் தாண்டியது.

எடை பெருகப் பெருக வெப்பத்தின் அச்சுறுத்தலும் பெருகியது. அதன் காரணங்களை விளக்கினாலன்றி இவ்வரலாற்றின் பிற்பகுதி விளங்காது. விதை ஏப்ரலில் வீட்டுக்குள் முளைக்கவைக்கப்பட்டு, மே மாதம் வயலில் நடப்படுகிறது. கொடி படர்ந்து, ஜூன் பிற்பகுதியில் அல்லது ஜூலைத் தொடக்கத்தில், தண்டின் அடியிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தொலைவில் தோன்றும் பெண்பூவுக்குக் கையால் மகரந்தம் சேர்க்கப்படுகிறது. வடக்கு நாடுகளில் கோடையின் முதல் வெப்ப அலை வருவதும் பெரும்பாலும் அந்நாட்களிலேதான். பரங்கிப்பூ விடியலில் மலர்ந்து முற்பகலுக்குள் சுருங்கிவிடுவது. வெப்பம் ஏறினால் மகரந்தத்தின் உயிர்ப்பு விரைவில் கெடும். கரு தரித்தாலும் பிஞ்சு வெம்பி உதிரும். ஆகையால் முந்தைய மாலையே பெண்பூவின் இதழ்களைத் துணியால் கட்டித் தேனீ புகாமல் காத்து, கதிரெழும் வேளையில் ஆண்பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளியெறிந்து, மகரந்தத் தண்டைச் சூல்முடியின் மடல்கள்தோறும் தேய்த்து, மீண்டும் இதழை மூடிக் கட்டுவது வழக்கம். வெப்ப அலை அறிவிக்கப்பட்ட நாட்களில் இதனோடு வேறொரு பணியும் சேர்கிறது: உறையவைத்த நீர்ப்புட்டிகளையோ பனிக்கட்டிப் பைகளையோ பூவைச் சுற்றி அடுக்கி, அதன்மேல் குடையோ அட்டைப்பெட்டியோ கவிழ்த்து, பனி உருகியதும் மாற்றி மாற்றி வைத்து, அந்தச் சிறுவெளியை மாலைவரை குளிர்ச்சியாக வைத்திருப்பர். எலுமிச்சையளவே உள்ள பிஞ்சுக்கு இவ்வளவு பாடு படுவதற்குக் காரணம், அந்தப் பூவைத் தவறவிட்டால் அடுத்தது மலர்வதற்குள் வளர்ச்சிக்குரிய நாட்கள் வீணாகிவிடும் என்பதே.

பிஞ்சு பிடித்தபின் இலைகளின் நலமே முதன்மையானது. ஒன்றரை, இரண்டு அடி அகலம் விரியும் இலைகள் நீராவிப்போக்கினால் தம்மைக் குளிர்வித்துக்கொள்வன. அதாவது, வேர் உறிஞ்சிய நீரை இலைத்துளைகள் வழியே ஆவியாக விட்டு வெப்பத்தை வெளியேற்றுவன. காற்றின் வெப்பம் 35 டிகிரி செல்சியசை நெருங்கினால், மண்ணில் ஈரம் இருந்தும் வேர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல், இலைகள் குடைபோல் மடிந்து தொங்கும், துளைகள் மூடும், ஒளிச்சேர்க்கை நின்று, ஓரங்கள் கருகத் தொடங்கும். இரவிலும் புழுக்கம் நீடித்தால், பகலில் திரட்டிய சர்க்கரையைச் செடி சுவாசித்தலிலேயே செலவிட்டுவிடும். காய் மிகுதியாகப் பருப்பது இரவில்தான் என்பதால் இவ்விழப்பு இரட்டிப்பாகிறது. இவற்றைத் தடுக்கவே, கொடியின் ஒவ்வொரு கணுவையும் மண்ணில் புதைத்துப் புதுவேர் விடச்செய்வதும், நண்பகலில் மணிக்குச் சில நிமிடங்கள் இலைமேல் நுண்தூறல் தெளிப்பதும் வழக்கத்துக்கு வந்தன. தெளிப்பைப் பற்றி வளர்ப்போரிடையே கருத்துவேறுபாடு உண்டு. ஈரம் தங்கிய இலையில் நோய் பரவும் என்பதால், மாலைக்கு முன் இலை உலர்ந்துவிட வேண்டும் என்பதில் மட்டும் அனைவரும் உடன்படுகின்றனர்.

காயைக் காப்பது வேறொரு கலை. உச்சப் பருவத்தில் நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோவரையும், சிலபோது அதற்கு மேலும் பருக்கும் காயின் தோல், நெகிழ்ந்து கொடுத்தால்தான் பிளவுபடாது; நேர்வெயில் பட்ட தோலோ இறுகிவிடும். ஆகவே காயின்மேல் வெள்ளைத்துணி போர்த்தி, அதற்கு மேல் நிழற்பந்தல் அமைத்து, அடியில் மணல் பரப்புகின்றனர். வறட்சிக்குப்பின் பெய்யும் ஒரு பெருமழை போதும், ஒரே இரவில் காய் பிளந்து உட்குழிவரை விரிசல் ஓட. அவ்வாறு பிளந்த காயை எடைப்போட்டிகள் ஏற்பதில்லை. மேலும், தொடர் வெப்பம் காயை விரைந்து முதிரச்செய்து, அக்டோபர்வரை வளர வேண்டியதை ஆகஸ்டிலேயே நிறுத்திவிடும். வளர்ப்போர் மிகவும் அஞ்சுவது இந்த ஓசையற்ற இழப்பையே.

இவ்வளவு நுணுக்கமான கவனிப்பை இக்கொடி வேண்டுவதன் காரணத்தை, 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஒருவாறு தெளிவாக்கியது. ஜெசிகா சாவேஜும் உடன் ஆய்வாளரும் சாதாரண மாக்சிமா ரகங்களையும் மாபெரும் பரங்கியையும் ஒப்பிட்டு, பெருங்காய்க் கொடியின் சிறப்பு ஒளிச்சேர்க்கைத் திறனிலோ சர்க்கரை பாயும் முறையிலோ இல்லை, சர்க்கரையைக் கடத்தும் புளோயம் என்னும் குழாய்த்திசுவின் அளவு கூடியிருப்பதில்தான் உள்ளது என்று காட்டினர். தெரிந்தெடுப்பால் வழி அகன்றதேயன்றி, இலையின் ஆற்றல் முன்னோரதைவிட மிகவில்லை என்பது இதன் பொருள். அகன்ற வழியை நிரப்பும் சர்க்கரை முழுவதையும் வெயிலுக்கு வாடும் அதே இலைகள்தாம் தர வேண்டும்.

இப்பின்னணியில் நோக்கினால், சாதனைகளின் காலவரிசை ஒரு புதிராகத் தோன்றும். அமெரிக்க டன் எனப்படும் 2,000 பவுண்டைத் தாண்டிய முதற்காயை 2012-இல் ரோட் ஐலண்டைச் சேர்ந்த ரான் வாலஸ் விளைவித்தார்; அதன் எடை 2,009 பவுண்டு. அவ்வாண்டு ஜூலை, அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான அமெரிக்க நிலப்பரப்பில் அதுவரை பதிவான மாதங்களிலேயே மிக வெப்பமானதாக இருந்தது; நாட்டின் நடுப்பகுதியில் மக்காச்சோளம் வறட்சியில் கருகியது. 2021-இல் இத்தாலியின் ஸ்தெஃபானோ குத்ரூப்பி, டஸ்கனியின் மலைப்பாங்கான கியான்தி பகுதியில் விளைந்த 1,226 கிலோக் காயால் சாதனையைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் சிசிலித் தீவில் 48.8 டிகிரி வெப்பம் பதிவானது. 2025-இல் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லிமிங்டனைச் சேர்ந்த இயன், ஸ்டூவர்ட் பேட்டன் என்னும் இரட்டைச் சகோதரர்கள் இன்றைய சாதனையை நிறுவினர். பிரிட்டனில் 1884 முதல் பதிவான கோடைகளில் மிக வெப்பமானது அவ்வாண்டின் கோடையே.

வெப்பம் பரங்கிக்கு உகந்தது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறாகும். அந்தப் பிரிட்டிஷ் கோடையின் சராசரி, பகலும் இரவும் சேர்த்து, 16.1 டிகிரிதான், அந்நாட்டுக்கு அது வெப்பம், கொடிக்கோ அது ஏற்ற இதம். ரோட் ஐலண்டுக்குக் கடல் அண்மையில் உள்ளது. கியான்தி மலையில் இரவு குளிரும். கண்டத்தின் உட்பகுதியிலோ சமவெளியிலோ அடிக்கும் அனல் வேறு, கடலும் மலையும் தணித்தனுப்பும் அனல் வேறு. அந்தத் தணிப்பும் தவறிப்போகும் ஆண்டுகள் உண்டு என்பதற்கு 2021 ஜூன் இறுதியில் வட அமெரிக்காவின் மேற்குக் கரையைக் கவிந்த வெப்பக்குவிமாடம் சான்று. உயர் அழுத்தக் காற்றுத்திரள் மூடிபோல் ஒரே இடத்தில் நின்றுவிடும் அந்நிலையில், ஆரிகனின் போர்ட்லண்டு நகரம் 46.7 டிகிரியும் கனடாவின் லிட்டன் 49.6 டிகிரியும் கண்டன. கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே நகரில் 1974 முதல் நடந்துவரும் புகழ்பெற்ற எடைப்போட்டிக்குக் காய் அனுப்பும் வயல்கள் பலவும் அந்தக் கரையோர மாநிலங்களில் உள்ளவை; அனல் வந்ததோ மகரந்தம் சேர்க்கும் வாரத்தில்.

தண்ணீரைப் பற்றியும் மனம் திறந்து பேச வேண்டியுள்ளது. முழுவளர்ச்சி பெற்ற ஒரு கொடிக்குக் கோடையில் நாள்தோறும் சில நூறு லிட்டர் நீர் தேவைப்படுகிறது. காயோ நீர்த்த சதையுடையது, உணவாக மதிக்கப்படுவதன்று, பெரும்பாலும் செதுக்குவோர் கையிலோ கால்நடைத் தீவனத்திலோ முடிவது. வறட்சிக் காலத்தில் தோட்டக்குழாய்ப் பயன்பாட்டுக்கே தடை விதிக்கப்படும் நாடுகளில் இக்கேள்வி கூர்மையாகிறது. மழைநீரைத் தொட்டிகளில் சேர்ப்பதும், தெளிப்பைக் குறைத்து வேரடியில் சொட்டுநீராக விடுவதும், மண்ணை மூடாக்கிட்டு ஈரம் காப்பதும் நேர்மையான விடைகள். போட்டியின் மதிப்பை எடையால் மட்டும் அளக்காமல் செலவிட்ட நீராலும் அளக்கும் நாள் வந்தால், அது உழவர்களின் திறமையை இன்னும் நன்றாகவே காட்டும்.

பேட்டன் சகோதரர்களைப் போன்றோர் கொடியைத் திறந்தவெளியில் விடாமல், வளைவுச் சட்டங்களின்மேல் பாலித்தீன் தாள் போர்த்திய பெருங்குடிலில் வளர்க்கின்றனர். குடில் ஏப்ரல் குளிரையும் ஆகஸ்டு ஆலங்கட்டியையும் தடுத்து, பருவத்தை இரு முனையிலும் நீட்டித் தருகிறது. ஆனால் மிதமான வெயில் நாளிலும் அதனுள் வெப்பம் வெளியைவிட மிக விரைவில் ஏறிவிடும். எனவே காலையில் பக்கத்திரைகளைச் சுருட்டித் திறந்து, உச்சியில் நிழல்வலை விரித்து, காற்றோட்டத்தைக் கண்காணித்து, மாலையில் அனைத்தையும் மீண்டும் மூடுவது அங்கே அன்றாட வேலையாயிற்று. வெப்ப அலை அறிவிக்கப்பட்ட நாளில் திறந்தவெளி உழவர் செய்வதைக் குடில் உழவர் வெயிலடிக்கும் நாள்தோறும் செய்கிறார்.