6 வோல்ட் புல்லட்டும் நைட் டூட்டியும்

எங்க பிள்ளையார்பாளையத்துல இன்னும் சில பெரியவங்க பழைய புல்லட்டை விடாம வெச்சிருக்காங்க. தறிச் சத்தத்துக்கு நடுவுலயும் அந்த டப் டப் தனியா கேக்கும். "ஹெட்லைட்ல வெளிச்சமே இல்லையே"ன்னு கேட்டா, "பழைய வண்டின்னா அப்படித்தான் டாக்டர்"னு பெருமையாவே பதில் வரும்.

இந்த "அப்படித்தான்"கூட எனக்கு ஒரு சண்டை இருக்கு. அரசு மருத்துவமனையில நைட் டூட்டி பாக்குறவன் நான். இருட்டுல மணல் மேட்டையும், லைட் இல்லாம நிக்கிற லாரியையும் கடைசி நொடியில பாத்தவங்க எப்படி வந்து சேருவாங்கன்னு தெரியும். அது போக, சரித்திரப்படி பாத்தாலும் அந்த பதில் தப்பு. புல்லட்டோட சார்ஜிங் சிஸ்டத்தை செஞ்சவங்களே திரும்பத் திரும்ப மாத்தியிருக்காங்க. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்துல ரெட்டிச்ங்கிற ஊர்க் கம்பெனி. 1950-கள் நடுவுல நம்ம அரசாங்கம் எல்லை ரோந்துக்காக 350 சிசி புல்லட் 800 ஆர்டர் பண்ணுது. 1955ல ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிக்கிறாங்க. திருவொற்றியூர்ல ஃபேக்டரி. முதல்ல பாகங்கள் கப்பல்ல வந்து இங்க பூட்டினாங்க, 1962 வாக்குல எல்லா பாகமும் இங்கயே தயாராச்சு. (இன்னைக்கு அதே கம்பெனி நம்ம ஊர்ப் பக்கமே வந்துடுச்சு. ஒரகடத்துல 2013லேருந்து, வல்லம் வடகால்ல 2017லேருந்து வண்டி வெளிய வருது.)

ஆரம்பகால ரெட்டிச் புல்லட்ல இருந்தது லூகாஸ் கம்பெனியோட மேக்டைனோ. ஸ்பார்க் குடுக்கிற மேக்னெட்டோ கீழ, பேட்டரியை சார்ஜ் பண்ற டைனமோ அது முதுகுல. பேட்டரி செத்தாலும் இன்ஜின் ஓடும், அது பெரிய வசதி. ஆனா அந்த டைனமோவால 60 வாட்டைத் தாண்ட முடியாது, அதுவும் நல்ல வேகத்துல போனாதான். கார்பன் பிரஷ் தேயும், ரெகுலேட்டர் பெட்டிக்குள்ள பாயின்ட் கருகும். லூகாஸுக்கு "இருட்டின் இளவரசன்"னு பிரிட்டிஷ்காரங்களே பட்டப்பேர் வெச்சது சும்மா இல்ல.

ஆனா நியாயமா சொன்னா முக்கியக் குற்றவாளி லூகாஸ் இல்ல, 6 வோல்ட்தான். கணக்கு சின்னதுதான். 30 வாட் பல்பு 6 வோல்ட்ல எரிய 5 ஆம்பியர் வேணும், 12 வோல்ட்ல 2.5 ஆம்பியர் போதும். அறுபது வருஷ ஒயர், பச்சை பிடிச்ச சுவிட்ச், துருப்பிடிச்ச எர்த் எல்லாம் சேர்த்து வழியில வெறும் 0.2 ஓம் தடை இருக்குன்னு வெச்சுக்குவோம். 6 வோல்ட் வண்டியில 1 வோல்ட் அங்கயே காணாமப் போகும். 12 வோல்ட் வண்டியில போறது அரை வோல்ட். இழை பல்புல வோல்டேஜ் கொஞ்சம் குறைஞ்சாலே வெளிச்சம் மளமளன்னு விழும். 6க்கு பதிலா 5 வோல்ட் கிடைச்சா வெளிச்சம் ஏறக்குறைய பாதி. 12க்கு பதிலா 11.5 கிடைச்சா ஏழுல ஒரு பங்குதான் குறையும்.

இப்ப ஓட்டுறவரை பாருங்க. 60 கிலோமீட்டர் வேகம்னா நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். பாத்து, புரிஞ்சு, பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி. அதுக்குள்ள 25 மீட்டர் போயாச்சு. பிரேக் பிடிச்சு நிக்க அதே அளவு தூரம் இன்னும் வேணும், பழைய டிரம் பிரேக்குக்கு அதுக்கும் மேல. அதாவது 50 மீட்டருக்கு அப்பால இருக்கிறது கண்ணுக்குத் தெரிஞ்சே ஆகணும். இன்னொண்ணு, 60 வயசுல கண்மணி சுருங்கி, லென்ஸ் மங்கி, விழித்திரைக்குப் போற வெளிச்சம் 20 வயசுல போனதுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான். வண்டிக்கும் வயசாச்சு, ஓட்டுறவருக்கும் வயசாச்சு. ரெண்டு இழப்பும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது.

சரி, கம்பெனிக்காரங்க என்ன பண்ணாங்க? 1950-கள் பிற்பகுதியிலயே புல்லட்டுக்கு ஆல்டர்னேட்டர் வந்துடுச்சு. இதுல காந்தம் சுத்தும், காயில் அசையாம நிக்கும், தேய பிரஷ்ஷே கிடையாது. வர்ற ஏசி கரண்டை ரெக்டிஃபையர் டிசி ஆக்கி பேட்டரிக்கு அனுப்பும். 1960ல ரெட்டிச்சோட 350ல மேக்னெட்டோவும் போய் காயில் இக்னிஷன் வந்தது.

சோதனை என்னன்னா, காந்தத்தை குறைக்கவோ கூட்டவோ முடியாது. இன்ஜின் ஓடினா கரண்ட் வந்துகிட்டேதான் இருக்கும். லூகாஸோட 6 வோல்ட் சிஸ்டத்துல ஹெட்லைட் சுவிட்சை வெச்சே சமாளிச்சாங்க, பகல்ல சில காயில், ராத்திரி எல்லா காயிலும். 1960-கள்ல டிரையம்ஃப், பிஎஸ்ஏ வண்டிகள் 12 வோல்ட்டுக்குப் போனப்ப செனர் டையோடு வந்தது. மிச்ச கரண்டை வெப்பமா மாத்தி காத்துல விட்டுடும்.

நம்ம மெட்ராஸ் புல்லட் ரொம்ப வருஷம் 6 வோல்ட்டிலேயே ஓடி அப்புறம்தான் 12க்கு வந்துச்சு. அதுக்கப்புறமும் பல மாடல்ல ஹெட்லைட் பேட்டரியில எரியாது, ஆல்டர்னேட்டர்லேருந்து நேரா ஏசி-யில எரியும். ஸ்பீட் பிரேக்கர்ல மெதுவானா லைட்டும் மங்குமே, அது இதனாலதான். 2017 ஏப்ரல் 1லேருந்து புது டூவீலர்ல இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரியணும்னு சட்டமே வந்துடுச்சு.

"ஒரிஜினாலிட்டி போயிடும்"னு சொல்றவங்களுக்கு: நம்ம ஊர்ல அடை போய் ஜக்கார்டு வந்துச்சு, யாரும் அதைக் காஞ்சிப் பட்டு இல்லன்னு சொல்லல. 2021ல வந்த விண்டேஜ் வாகன விதியும் 50 வருஷம் தாண்டின வண்டியில சேஸிஸ், பாடி, இன்ஜினை மாத்தக் கூடாதுங்குது. (அந்த விஏ நம்பர் வாங்கினா தினசரி ஓட்டக் கூடாதுங்கிறதையும் சேர்த்துப் படிங்க.)

மாத்துறவங்களுக்கு சில விஷயம். ஆல்டர்னேட்டர் வண்டின்னா பல சமயம் அதையே வெச்சு 12 வோல்ட் ஆக்கலாம், ஏன்னா வேகம் ஏறும்போது அதுவே 6க்கு மேல தர முடியும், பேட்டரிதான் அதைப் பிடிச்சு வைக்குது. இன்சுலேஷன் போயிருந்தா காயில் ரீவைண்டிங், காந்தம் சோர்ந்திருந்தா திரும்ப ஏத்தணும். அப்புறம் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர், 12 வோல்ட் பேட்டரி, பல்பு, ஹாரன், இக்னிஷன் காயில். ஒயரிங்கை மட்டும் பழசு விட்டுடாதீங்க, முதல் எதிரியே அதுதான். பழைய பிரிட்டிஷ் வண்டி நிறைய பாசிடிவ் எர்த். பாக்காம இன்னைக்குப் பழக்கத்துல நெகடிவ் எர்த்துன்னு பூட்டினா ரெக்டிஃபையர் அங்கயே காலி.

எல்இடி போட்டா ஆல்டர்னேட்டருக்கு சுமை குறையும், நல்லதுதான். ஆனா இழை பல்புக்காக செஞ்ச ரிஃப்ளெக்டர்ல கண்ட எல்இடியையும் மாட்டினா வெளிச்சம் சிதறி எதிர்ல வர்றவர் கண்ணைக் குருடாக்கும். கேட்டராக்ட் இருக்கிறவருக்கு அந்தக் கூச்சம் அடங்க இன்னும் நேரமாகும். சுவத்துக்கு எதிர்ல வண்டியை நிறுத்தி, லோ பீம்ல வெளிச்சம் கீழ இறங்குதான்னு பாத்துட்டு கிளம்புங்க.

ரெகுலேட்டர் சரியில்லாம ஓவர்சார்ஜ் ஆனா பேட்டரி கொதிக்கும், ஹைட்ரஜன் வரும். மூடியைத் திறக்கும்போது பீடி, தீப்பெட்டி பக்கத்துல கூடாது. ஆசிட் கண்ணுல தெறிச்சா சோடா, பால்னு தேடாம குழாய்த் தண்ணியில குறைஞ்சது 20 நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. கழுவாம ஓடி வராதீங்க, வழியிலயே கருவிழி வெந்துடும்.

ஹெட்லைட் மேல இருக்கிற அம்மீட்டரை மட்டும் கழட்டிடாதீங்க. லைட்டைப் போட்டு வேகமா ஓட்டும்போதும் முள் கழித்தல் பக்கமே படுத்திருந்தா, அன்னைக்கு ராத்திரி வண்டியை எடுக்க வேண்டாம்.